மேலே செல்லும் நாற்காலிக்கு முன்னுரிமை

லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் மேல் யாருக்கும் மரியாதை வந்துவிடும். பெட்டி ஒரு பக்கம் கம்பிக் கயிறுகளில் தொங்குகிறது. கயிறு மொட்டைமாடிச் சக்கரத்தைச் சுற்றி இறங்கி, மறுபக்கம் இரும்புக் கட்டிகளைத் தாங்குகிறது. பெட்டியின் எடை, அதோடு ஏறக்கூடிய ஆட்களில் பாதிப் பேரின் எடை, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் கட்டிகளின் எடை. பெட்டி இறங்கினால் கட்டி ஏறும். பெட்டி ஏறினால் கட்டி இறங்கும். மோட்டார் இழுக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஒருவர் மேலே போவதற்காக இன்னொன்று கீழே போகச் சம்மதிக்கிறது. மனிதர் செய்த ஏற்பாடுகளில் இவ்வளவு நியாயமானவை அதிகம் இல்லை.

மும்பை செம்பூரில் ஸ்ரீ ஸர்வோபகார டிரஸ்டுக்குச் சொந்தமான ஆறு மாடிக் குடியிருப்பின் லிஃப்டும் இருபத்தாறு வருஷம் இப்படித்தான் ஓடியது. சென்ற ஜூன் மழையில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் புகுந்தது. குழியில் பெட்டியைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும், பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சுவிட்சுகளும் இருக்கின்றன. அவை மூன்று நாள் நீந்தின. நான்காம் நாள் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. பிப்ரவரி வந்துவிட்டது. அப்போதும் அங்கேதான் நின்றது.

பழுது பார்க்க டிரஸ்டுக்கு மனம் இல்லாமல் இல்லை. விதிப்படி மூன்று கம்பெனிகளிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். மூன்றும் வந்த பிறகே உறைகளைப் பிரிக்கலாம். இரண்டு வந்தன. மூன்றாவது வரவில்லை, ஏனென்றால் மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் டிரஸ்ட் பழைய பாக்கி வைத்திருந்தது. வந்த இரண்டு உறைகளும் மாட்டுங்கா அலுவலகத்தில் ஸ்தாபகர் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டுப் பத்திரமாக இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்கும் உறைகளுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார்கள்.

ஆறாம் மாடியில் குடியிருந்தவர் வேங்கடசுப்ரமணியன். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயதாகியும் எல்லோருக்கும் வெங்கிதான். பிள்ளை குட்டி இல்லை. மனைவி நாகலக்ஷ்மி. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

சிறுநீரகம் நின்றுபோனால் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு முகம், பிறகு நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். ஆகவே திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணிக்கு நாகலக்ஷ்மி டயாலிசிஸ் சென்டரில் படுக்க வேண்டும். இயந்திரம் நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி, தேங்கிய தண்ணீரைப் பிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் அவள் குடிக்கக் கூடாது. வெங்கி காலையில் அதை ஒரு பாட்டிலில் அளந்து வைப்பார். காப்பியும் ரசமும் அதிலிருந்து கழித்துக்கொள்ளப்படும்.

ஆறு மாடிக்கு நூற்று இருபது படிகள். இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இரும்புக் கைப்பிடி துருப்பிடித்து விழுந்து, விழுந்த இடத்திலிருந்தும் காணாமல் போயிருந்தது. நாலாம் மாடித் தளத்தில் ஒரு புறா செத்துக் கிடந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாகத்தான் இருந்தது. அதைக் கேட்டபோது, அங்கே டிரஸ்டின் வைரவிழா மலரின் விற்காத பிரதிகள் குடியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

நாகலக்ஷ்மியை இறக்கி ஏற்றியவர்கள், வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற ஜெயினுலாப்தீனும் அவர் மச்சினன் நசீரும். தாராவியில் இருப்பவர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார்த்தி இருவருமாகத் தூக்குவார்கள். படியில் நாற்காலி இறங்கும்போது கீழே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகம். உயரமானவர் கீழே நின்றால் நாற்காலி சாயாது. ஆகவே நசீர் கீழே, ஜெயினுலாப்தீன் மேலே.

"மாமி, கண்ண மூடிக்கிடுங்க. திறந்தா கீழ வந்திருக்கும்," என்பார் ஜெயினுலாப்தீன்.

"மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டுதானே, பாய்," என்பாள் நாகலக்ஷ்மி.

அவர்கள் வாங்கியது நியாயமான கூலி. வாரம் மூன்று தடவை நியாயமான கூலி கொடுத்ததில் தீபாவளிக்குள் வெங்கியின் வங்கி வட்டி தீர்ந்து, பொங்கலுக்குள் அசலிலேயே கை வைக்க வேண்டி வந்தது. ஜனவரியில் வெள்ளிக்கிழமையை நிறுத்தினார்கள். "ரெண்டு தடவை போறும், எனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியலை," என்றாள் அவள். பேசி முடிக்க நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் வைரவிழா மலரின் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் வெங்கி ஒரு திட்டத்தைப் படித்தார். பொதுப்பகுதிப் பராமரிப்புக் குறைவு வாடகைச் சலுகைத் திட்டம். லிஃப்ட் ஓடாவிட்டால் வாடகையில் பன்னிரண்டு சதவீதம் குறையும். படிக்கட்டு விளக்குக்கு மூன்று. கைப்பிடிக்கு இரண்டு. இறந்த பறவை அகற்றப்படாமைக்கு அரை. கூட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்துவிடும்.

அன்றே விண்ணப்பம் எழுதினார். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். கடிதம் என்றால் தலைப்பில் வணக்கமும் வாலில் நன்றியும் வேண்டும். விஷயத்தை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் கை தன்பாட்டில் ஓடியது: ‘தங்கள் ஆசியாலும் டிரஸ்டின் அனுக்கிரகத்தாலும் நாங்கள் எப்படியோ நன்றாகவே சமாளித்து வருகிறோம்.’

"எதுக்குன்னா இவ்வளவு தேன் தடவறேள்?" என்றாள் நாகலக்ஷ்மி.

"லெட்டர்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

மாட்டுங்கா அலுவலகத்தில் வந்தனா என்ற பெண் கடிதத்தைத் தலைகீழாக வாங்கி, நேராக்கி, அப்படியும் பயனில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். "அங்கிள், யே நஹி சலேகா, இது செல்லாது. டமில் எனக்குப் பேசத்தான் வரும். ஃபார்ம் பி ஃபில் பண்ணுங்கோ. லெட்டரை அட்டாச் பண்ணிடறேன்."

தலைவர் பத்ரிநாராயணன் உள்ளே இருந்தார். எண்பத்தொரு வயது. பதினெட்டு வருஷமாகத் தலைவர். சாய்வு முதுகுள்ள கருங்காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்தாபகர் உட்கார்ந்த நாற்காலி.

"வாங்கோ வெங்கி. திட்டத்துக்கு நீங்கதான் முதல் விண்ணப்பம். எங்களுக்கே ஆச்சர்யமா இருந்தது, இதை யாராவது படிப்பான்னு நினைக்கலை." காப்பி வரவழைத்தார். "நீங்க கேக்கறது ரொம்ப நியாயம். நியாயமா இருக்கறதாலதான் ஜாக்கிரதையா இருக்க வேண்டியிருக்கு. அநியாயமான கோரிக்கைன்னா ஒரு நிமிஷத்துல நிராகரிச்சுடலாம். நியாயமானதுக்கு விசாரணை வேணும். லிஃப்ட் ஓடலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"வந்து பாருங்கோ சார். ஓடலை."

"பார்த்தா அன்னிக்கு ஓடலைன்னுதான் தெரியும். முந்தின நாள் ஓடித்தோ என்னவோ? முப்பது நாள் தொடர்ச்சியா ஓடாம இருக்கணும். ரெஜிஸ்டர் போட்டிருக்கோம்."

வந்தனா ஒரு கனத்த புத்தகத்தைக் கொடுத்தாள். பொத்தான் அழுத்தல் பதிவேடு. விதி எளிமையானது. தினமும் காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்த வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். லிஃப்ட் வராவிட்டால் ‘வரவில்லை’ என்று எழுதி, வாட்ச்மேனும் விஷயத்தில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாளிலிருந்து வெங்கி நூற்று இருபது படி இறங்கி, பொத்தானை அழுத்தி, மூடிய கதவின் முன் கால் மணி நேரம் நின்றார். முதல் சில நாள் வெட்கமாக இருந்தது. பிறகு, ஒருவேளை வந்துவிட்டால் என்று ஒரு பயம் வந்தது. லிஃப்ட் வராவிட்டால் சலுகை கிடைக்கும். வந்துவிட்டால் நாகலக்ஷ்மி அதில் இறங்கலாம். பத்தேகாலுக்கு எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பொதுவாகப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டார். மூன்றாம் நபராகக் கூரியர்காரன், தபால்காரர், வழி தவறி வந்த ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று கிடைத்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் பதிலுக்கு அவரிடம் ஒரு கையெழுத்துக் கேட்டான்.

பத்தொன்பதாம் நாள், மின்சாரம் ஏறி இறங்கியதில் பொத்தானின் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்தது. வாட்ச்மேன் நாணயமான மனிதர். ‘வரவில்லை’ என்று எழுதும் இடத்தில், ‘லால் பத்தி எரிந்தது’ என்று சேர்த்துவிட்டார்.

"அங்கிள், லைட் வந்துச்சுன்னா லிஃப்ட் ரெஸ்பான்ஸ் பண்ணுதுன்னு அர்த்தம்," என்றாள் வந்தனா போனில். குரலில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. "ஸாரி. ஃபிர்ஸே ஒண்ணுலேந்து எண்ணணும்."

வெங்கி ஒன்றிலிருந்து எண்ணினார்.

முப்பது நாள் நிறைந்தபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. நாகலக்ஷ்மி இப்போது படுத்துத் தூங்குவதில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டாள். சென்டர் எடை மெஷினில் மூன்று கிலோ கூடுதல் காட்டியது. மூன்றும் தண்ணீர். "இனிமேல் ஒண்ணுகூட விடக்கூடாது," என்று அங்கிருந்த டாக்டர் வெங்கியைத் தனியாக அழைத்துச் சொன்னார். "வாரம் மூணு வேணும். கண்டிப்பா."

அடுத்தது நேரடி ஆய்வு. ஆய்வுக் குழுவில் ஏழு பேர். சராசரி வயது எழுபத்தேழு.

"ஆறாம் மாடி வரைக்கும் பார்த்தாகணும்னு விதி இருக்கு," என்றார் பத்ரிநாராயணன் போனில். "ஆனா எங்க ஒருத்தருக்கும் டாக்டர் படி ஏறச் சம்மதிக்கலை. ஒண்ணும் கவலைப்படாதேங்கோ. லிஃப்ட் ரிப்பேர் ஆகட்டும். ஆன அன்னிக்கே மேலே வந்து, லிஃப்ட் ஓடலைங்கறதை நேர்ல பார்த்துடறோம்."

வெங்கி தொண்டையைச் செருமினார். அறைக்குள் நாகலக்ஷ்மி மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது. ஒரு தவறு செய்தார்.

"சார், நாற்காலியில் தூக்கிண்டு வர ஆள் இருக்கா. என் ஆத்துக்காரியை அப்படித்தான்..."

"அட! இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

ஆய்வு புதன்கிழமை வைக்கப்பட்டது. புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம். ஆகவே நல்ல காரியம் ஏழு மணிக்கே தொடங்க வேண்டும். நாகலக்ஷ்மி ஏழேகாலுக்குக் கிளம்ப வேண்டியவள். பை, பாட்டில், கம்பளி எல்லாம் எடுத்துக்கொண்டு வாசற்கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படியில் கனமான காலடிகள் கேட்டன. வந்தது கருங்காலி நாற்காலி. அதில் பத்ரிநாராயணன்.

ஜெயினுலாப்தீன் வியர்வையை வழித்தெறிந்துவிட்டு வெங்கியை ஓரமாக இழுத்தார். "மாமா, மொதல்ல மாமிய இறக்கிட்டு வாரோம்னு சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காவ. ஏழு பேரும் ஒண்ணா நின்னு பாக்கணுமாம். நடுவுல விட்டா செல்லாதாம்."

"ஒரே ஒரு நடை, பாய்..."

"டிரஸ்டு கட்டடம் பூராவும் தண்ணி நாங்கதான் போடுதோம். சொன்னபடி தூக்கலைன்னா கேட்டுக்குள்ள விடமாட்டோம்னுட்டாவ." குரலைத் தாழ்த்தினார். "ஆள விட அந்த நாற்காலி கனம், மாமா."

ஒருவரைத் தூக்கி வரப் பன்னிரண்டு நிமிஷம். காலி நாற்காலியோடு இறங்க ஐந்து நிமிஷம். ஏழு பேர் வந்து சேர ஒன்பதாகிவிட்டது. டயாலிசிஸ் சென்டரில் படுக்கைகள் ஷிப்ட் கணக்கில் ஓடுபவை. எட்டு மணிக்காரர் ஒன்பது வரை வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. வெங்கி போன் செய்தார். அடுத்தவர் படுத்துவிட்டார்.

வீட்டுக்கு ஏழு பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். வெறுமனே எப்படி அனுப்புவது? வெங்கி உள்ளே போய் ஏழு டம்ளர் காப்பி போட்டார். நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வாங்கோ, வாங்கோ," என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை, ஆகவே சிரித்தாள். நின்றுபோன லிஃப்டின் கதவை ஏழு பேரும் தொட்டுப் பார்த்தார்கள். நாலாம் மாடிப் புறாவைப் போகிற போக்கிலேயே பார்த்துவிட்டதாகக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக இறக்கப்பட்டார்கள். கடைசி ஆள் இறங்கும்போது மணி பதினொன்று.

மறுநாள் சென்டரில் கெஞ்சி இரண்டு மணி நேரம் இடம் வாங்கினார் வெங்கி. இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர்தான் வெளியே வரும். வெள்ளிக்கிழமை கூலிக்குப் பணம் இல்லை.

ஞாயிறு மாலை மாட்டுங்கா ஹாலுக்கு வரும்படி அச்சடித்த அழைப்பிதழ் வந்தது. திட்டத்தின் முதல் விண்ணப்பதாரர் கௌரவிக்கப்படுவார் என்று போட்டிருந்தது.

"கிடைச்சுடுத்து!" என்றார் வெங்கி. "கிடைக்காமலா கௌரவிப்பா?"

தலையணையில் சாய்ந்திருந்த நாகலக்ஷ்மி தலையாட்டினாள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். இறைவணக்கம் பாடினார்கள். முதலில் பொன்னாடை, பிறகு அறிக்கை. டிரஸ்டில் எப்போதும் அதுதான் வரிசை, ஏனென்றால் அறிக்கையைக் கேட்ட பிறகு சில பேர் பொன்னாடைக்கு நிற்பதில்லை. வெங்கி தோளில் மெரூன் கலரில் ஜரிகை போட்ட சால்வை விழுந்தது. டஜன் கணக்கில் வாங்குகிற நைலான் சால்வை. மடித்த மடிப்பில் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்ரிநாராயணன் அறிக்கையைப் படித்தார்.

"ஆய்வுக் குழுவின் ஏழு உறுப்பினர்களும் ஆறாம் மாடிவரை எந்தச் சிரமமும் இன்றிச் சென்று வந்தார்கள். பலர் இவ்வளவு சுகமாக மாடி ஏறியது இதுவே முதல் முறை என்று சொன்னார்கள். படிக்கட்டில் விளக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் உட்கார்ந்து செல்பவருக்கு விளக்கு தேவைப்படுவதில்லை. கைப்பிடியும் அப்படியே. லிஃப்டைப் பொறுத்தவரை, பொதுப்பகுதி என்பது பொதுவாகப் பயன்படுத்தப்படும் பகுதி. ஒன்பது மாதங்களுக்கு மேலாக லிஃப்டை யாரும் பயன்படுத்தவில்லை என்பதை விண்ணப்பதாரரின் பதிவேடே ஐயமற நிரூபிக்கிறது. ஆகவே அது பொதுப்பகுதி ஆகாது. பொதுப்பகுதி அல்லாத ஒன்றுக்குப் பராமரிப்புக் குறைவு ஏற்பட வழியில்லை."

கைதட்டல்.

"விண்ணப்பதாரரின் மனைவிக்கு உடல்நிலை சரியில்லை என்று கூறப்பட்டிருந்தது. குழு அவரை நேரில் கண்டது. முகம் நன்றாகப் பூரித்து, நிறைவாக இருந்தார். வந்தவர்களை இன்முகத்தோடு வரவேற்றார். காப்பி மிக நன்றாக இருந்தது. மேலும், ‘டிரஸ்டின் அனுக்கிரகத்தால் நன்றாகவே சமாளித்து வருகிறோம்’ என்று விண்ணப்பதாரரே தம் கைப்பட எழுதியிருக்கிறார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறோம். இறந்த புறாவுக்காக அரை சதவீதம் சலுகை அளிக்கப்படுகிறது."

வெங்கி எழுந்தார். "சார், அது பூரிப்பு இல்லை. தண்ணி. அவ உடம்பு பூரா..."

"நன்றியுரை கடைசியில், வெங்கி." பத்ரிநாராயணன் அன்போடு கையமர்த்தினார். "நல்ல செய்தி இனிமேல்தான் இருக்கு. இந்த ஆய்வில் நாற்காலி வசதின்னு ஒண்ணு இருப்பதையே கண்டுபிடிச்சோம். இதை இனி டிரஸ்டே ஏற்று நடத்தும். பேரு, ஸர்வோபகார ஆரோஹண சேவை. நாளைக் காலை ராகுகாலத்துக்கு முன்னாடி ஆறாம் மாடியில் திறப்பு விழா. அதுவரை தனியார் யாரும் கட்டடத்துக்குள்ள நாற்காலி தூக்கப்படாது. விதிகள் சுவர்ல எழுதியாச்சு. அதிகப் பயன் அடைகிறவர்கள் ஆறாம் மாடிக்காரர்கள்ங்கறதால அவாளுக்கு மட்டும் மாதக் கட்டணம் உண்டு. ரொம்ப இல்லை, வாடகையில் நாலு சதவீதம்."

மேடையிலிருந்து இறங்கியதும் வெங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. "சார், நாளைக்கு எட்டு மணிக்கு அவளுக்கு மெஷின். அரைகுறையா பண்ணி மூணு நாளாச்சு. நாளைக்கும் விட்டா இருக்கமாட்டா சார்."

"ஆரோஹணம்னா ஏறறது," என்றார் பத்ரிநாராயணன் பொறுமையாக. "இறங்கறதுக்கு அவரோஹண அனுமதி தனி. ரெண்டு நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். நீங்க நாளைக்கே எழுதிக் கொடுங்கோ, புதன்கிழமைக்கு ஸாங்ஷன் பண்ணிடலாம்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நாகலக்ஷ்மியின் உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஆள் தேடி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜெயினுலாப்தீன் போனை எடுக்கவில்லை. வெங்கி அறையைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி முதுகில் சால்வை கிடந்தது.

அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார். "ஏறிக்கோ."

"உங்களால முடியாது."

"ஏறிக்கோடி."

சால்வையை அவள் இடுப்புக்குக் கீழே கொடுத்து, தன் தோளுக்கு மேலும் கைக்கு அடியிலும் இழுத்து மார்பில் முடிச்சுப் போட்டார். நைலான் முடிச்சு நிற்காது. இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. எழுந்தார். நாற்பத்தைந்து கிலோ, அதில் நாலு கிலோ தண்ணீர். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். அவர் காதருகே அவள் மூச்சு கொப்பளித்தது.

"நழுவறது."

"பிடிச்சுக்கோ."

ஐந்தாம் மாடி. நாலாம் மாடி. புறா. அதற்குக் கீழே இன்னும் இருட்டு. கைப்பிடி இல்லாத படிகள். சுவரை ஒட்டி, காலால் தடவி ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதிப் படியில் கீழிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. வந்தனா மொபைல் டார்ச்சோடும் ரிப்பனோடும் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கருங்காலி நாற்காலி. மேலே ஜெயினுலாப்தீன், கீழே நசீர், நடுவில் மாலையோடு பத்ரிநாராயணன். வெளிச்சத்தில் சுவரில் பச்சைப் பெயின்ட் இன்னும் ஈரமாகப் பளபளத்தது: ‘மேலே செல்லும் நாற்காலிக்கு முன்னுரிமை.’

ஒன்று ஏற, ஒன்று இறங்க. லிஃப்டில் இதற்கென்று தனித்தனிப் பாதை போட்டிருப்பார்கள். படிக்கட்டில் அந்த வசதி இல்லை.

"அடடா, வெங்கி," என்றார் பத்ரிநாராயணன். "மணி ஏழு இருபது. ஏழரைக்கு ராகுகாலம். பின்னால ஏறி நாலாம் மாடியில் கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கோ, நாங்க போயிடறோம்."

முப்பத்தைந்து வருஷப் பழக்கம். வெங்கி திரும்பினார். ஒரு படி ஏறினார். இரண்டாவது படி ஏறினார். மூன்றாவதில் முழங்கால் மடங்கியது. சுவரோடு சாய்ந்து நின்றார். முதுகில் நாகலக்ஷ்மி ஒரு பக்கமாகச் சரிந்தாள். சால்வையின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

"நசீரே," என்றார் ஜெயினுலாப்தீன், "இறக்கு."

"மச்சான், மேல போவணும்லா..."

"இறக்குலே!"

இரண்டு படி பின்வாங்கி, திருப்பத்துத் தளத்தில் நாற்காலியை வைத்தார்கள்.

"சாரு, கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்குப்பா?"

"நாற்காலி வேணும்."

பத்ரிநாராயணன் எழுந்தது ஏன் என்று அவருக்கே தெரியாது. பதினெட்டு வருஷத்தில் யாரும் அவரை எழுந்திருக்கச் சொன்னதில்லை. மறுப்பது எப்படி என்று அவர் பழகவில்லை. ஜெயினுலாப்தீன் வெங்கியின் முதுகிலிருந்து நாகலக்ஷ்மியை வாங்கி ஸ்தாபகர் நாற்காலியில் உட்கார்த்தினார். "மாமி, கண்ண மூடிக்கிடுங்க." நசீர் கீழே, அவர் மேலே.

"லைட்டு, லைட்டு!" என்றார் நசீர்.

வந்தனா தலைவரைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். ரிப்பனைப் படியில் வைத்துவிட்டு, "சார், ஏக் மினிட்," என்று சொல்லி டார்ச்சோடு நாற்காலிக்கு முன்னால் இறங்கினாள்.

வெங்கி கடைசியாக இறங்கினார். அவர் இரண்டாம் மாடிக்கு வந்தபோது மேலே இருட்டிலிருந்து குரல் வந்தது.

"வந்தனா! ஒண்ணும் தெரியலை! யாரு இருக்கா அங்கே? பிடிச்சுக்க இங்கே ஒரு கம்பிகூட இல்லையே! என்ன கட்டடம் இது? யாரு பராமரிக்கறா இதை?"

வெங்கி பழக்கதோஷத்தால் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபத்தெட்டு.

வாசலில் டாக்சி கிடைத்தது. நாகலக்ஷ்மியைப் பின் இருக்கையில் சாய்த்துவிட்டு ஜெயினுலாப்தீன் முகத்தைத் துடைத்தார். வந்தனா டார்ச்சை எரியவிட்டபடியே படி ஏறினாள். வாட்ச்மேன் யாருக்கோ போனில், "ஜி சார், ஜி சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இனிமே எங்கள இந்த கேட்டுக்குள்ள விடமாட்டாவ, மாமா," என்றார் ஜெயினுலாப்தீன். "மத்தியானம் வந்து நிக்கேன். விட்டா பாப்போம்."

டாக்சி நகர்ந்தது. நாகலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவழித்தாள்.

"திரும்பி... வரச்சே... என்னன்னா... பண்றது?"

"மேலே போறவாளுக்குத்தானே முன்னுரிமை," என்றார் வெங்கி.

அவள் சிரித்தாளா, மூச்சுக்குத் தவித்தாளா, தெரியவில்லை. அவர் மார்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சால்வையை அவிழ்த்து, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அது நழுவியது. திரும்ப எடுத்து மடித்தார். நாலு மணி நேரம் கழித்து அது வேண்டியிருக்கும்.